சைக்கிள்காரனைக் கொன்றது யார்?

ஸ்பானிஷ் த்ரில்லர் என்றதும் நம்மில் பலருக்கு அல்மோதோவார்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் படமெடுக்க வருவதற்கு வெகு முன்பே, 1955-இல் வந்த படம் 'ஒரு சைக்கிள்காரனின் மரணம்'. இயக்கியவர் ஹுவான் அந்தோனியோ பார்டெம். (இப்போதைய ஹாலிவுட் நடிகர் ஹாவியர் பார்டெமின் தாய்மாமன்!) முடிவையும் சொல்லப்போகிறேன், படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஹுவான் கல்லூரி ஆசிரியர். மரியா ஹோசே பெரும் பணக்காரரின் மனைவி. இருவருக்கும் கள்ள உறவு. ஆளில்லாத சாலையில் அவர்கள் கார் ஒரு சைக்கிள்காரன் மேல் மோதுகிறது. அவன் உயிரோடுதான் இருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் விஷயம் வெளியே வந்துவிடும். விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு ரஃபா என்ற விமர்சகன் ஏதோ தெரிந்ததுபோல ஜாடை பேசி இருவரையும் ஆட்டிவைக்கிறான்.

இதுவரை சாதாரண சஸ்பென்ஸ் கதைதான். விபத்து நடந்த இடத்தில்தான் பார்டெமின் துணிச்சல் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் (1936-39) ஹுவான் பதுங்குகுழியில் கிடந்து சண்டை போட்ட அதே இடம் அது. போரில் வென்ற பிராங்கோவின் ஆட்சியில் பதவியும் பணமும் பெற்ற வர்க்கம், செத்தவனைத் திரும்பிப் பார்க்காமல் காரைக் கிளப்புகிறது. இதை அன்றைய ஸ்பெயினில் நேராகச் சொல்லியிருந்தால் ஒரு பிரேம்கூட மிஞ்சியிருக்காது. ஹுவானுக்கு வேலை கிடைத்ததே செல்வாக்குள்ள மைத்துனரால்தான் என்பதையும் போகிறபோக்கில் காட்டிவிடுகிறார்.

என்னைப் போன்ற மாணவர்களுக்குப் பிடிக்கப்போவது மத்தில்தே வரும் பகுதி. அவள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஹுவான் பேப்பரில் விபத்துச் செய்தியைப் படித்துப் பதறி, பாவம், அவளை ஃபெயிலாக்கிவிடுகிறான். மாணவர்கள் கொதித்தெழுகிறார்கள். படம் வந்த மறுவருடமே, 1956 பிப்ரவரியில், மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே மாணவர் கிளர்ச்சி வெடித்தது. கல்வி அமைச்சரின் பதவியே போனது. கம்யூனிஸ்டான பார்டெமும் அடுத்த படத்தின் ஷூட்டிங்கில் இருந்தபோது கைதானார்.

சென்ஸார்காரர்களின் கவலையோ வேறு. கணவனுக்குத் துரோகம் செய்தவள் தண்டனை பெறாமல் படம் முடியக்கூடாது! சரணடையலாம் என்று சொல்லும் ஹுவானை மரியா ஹோசே அதே சாலையில் காரேற்றிக் கொல்கிறாள். இரவில் திரும்பி வரும்போது எதிரே ஒரு சைக்கிள். அவனைத் தவிர்க்கக் காரை ஒடிக்கிறாள், பாலத்திலிருந்து விழுந்து சாகிறாள். சென்ஸார் கேட்ட சாவு கிடைத்துவிட்டது, வவுச்சர் பாஸ்!

ஆனால் படம் அங்கே முடியவில்லை. அந்தச் சைக்கிள்காரன் இறங்கி வந்து பார்க்கிறான். கொஞ்சம் தயங்குகிறான். பிறகு தூரத்தில் விளக்கெரியும் வீட்டை நோக்கி வேகமாக மிதித்துக்கொண்டு போகிறான்.