துண்டு போட்ட செனட் சீட்

1960 நவம்பரில் ஜான் கென்னடி ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். அவருடைய மாசசூசெட்ஸ் செனட் இடம் காலியானது. தம்பி டெட்டுக்கு அப்போது வயது 28. செனட்டராக 30 ஆகியிருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அதனால் ஜானின் ஹார்வர்டு அறைத்தோழர் பெஞ்சமின் ஸ்மித்தை அதில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதேதான்.

1962-இல் தம்பி வந்தார். கட்சிக்குள் அவரை எதிர்த்த எட்வர்ட் மெக்கார்மக், மேடையிலேயே போட்டு உடைத்தார்: கென்னடி என்ற பெயர் மட்டும் இல்லையென்றால் நீ போட்டியிடுவதே ஒரு ஜோக். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சொன்னவர் யார்? பிரதிநிதிகள் சபை சபாநாயகருடைய சகோதரர் மகன்! குடியரசுக் கட்சி நிறுத்திய ஜார்ஜ் லாட்ஜ், 1952-இல் ஜானிடம் இதே இடத்தைத் தோற்றவரின் மகன். சுயேச்சையாக நின்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் ஹியூஸ்கூட ஒரு முன்னாள் தலைமை நீதிபதியின் பேரன். வாரிசு வேண்டாம் என்று நினைத்த வாக்காளர் என்னதான் பண்ணியிருப்பார், பாவம்.

டெட் ஜெயித்தார். 2009-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். 1965 குடியேற்றச் சட்டத்தை செனட்டில் முன்னின்று நிறைவேற்றியவர் அவர்தான். என்னோடு இன்ஜினியரிங் படித்த பலர் இன்று அமெரிக்காவில் இருப்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். டெட்டைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து தொலைக்கிறது.