ஓவியர் விட்டுச்சென்ற ஏடுகள்

அரசர் வரலாற்றைக் கல்வெட்டும் ஓலையும் காத்து நிற்கின்றன. கலைஞர் வரலாற்றைக் காப்பவை யாவை? அவர்தம் கடிதங்களும் நாட்குறிப்புகளுமே அல்லவா?

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் வித்துரா அமைந்த இதே திருவனந்தபுரம் மாவட்டத்துக் கிளிமானூரில் பிறந்தவர் ராஜா ரவி வர்மா (1848–1906). அவர் புகழை நாடறியும். அவருடன் ஊர் ஊராகச் சென்று உடன் தீட்டிய இளவல் சி. ராஜராஜ வர்மாவை அறிந்தோர் சிலரே. அத்தம்பியார் 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதி, 1905-இல் மறைந்தார். நூறாண்டு கழித்து, 2005-இல், அது முழுநூலாக வெளிவந்தது. தமையனாரின் பணியில் தம்பியாரின் பங்கு எத்துணைப் பெரிது என்பதை அவ்வேடே எடுத்துரைக்கின்றது.

மறுபுறமும் நோக்குவோம். மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரசவைக்கு வந்த அளகிரி நாயுடு, ரவி வர்மாவின் தாய்மாமனுக்கு ஓவியம் கற்பித்தவர். பின்னர், அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் இளைஞர் ரவி வர்மாவுக்குத் தொழில் நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்றும் கூறுவர். இம்மூவரும் பிறர் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். நாயக்கர் மறுத்தமைக்கு அவர் பக்கத்து நியாயம் ஒன்று இருந்திருக்கலாம். அதை உரைக்க அவர் கடிதம் ஒன்று நம் கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஏடு காத்த தமிழரும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசு, அழைப்பிதழ் முதலியவற்றையும் அவர் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின், அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. எனினும் அது கடல் கடந்து போகவில்லை; 1994-இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாயிற்று.

அன்பர்களே! தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறி வந்த நம் முன்னோரிலும் கூத்தாடியோர், பாட்டுக் கட்டியோர், கோயிற் சுவரில் படம் எழுதியோர் இருந்திருப்பர். அவர்தம் கடிதமோ பாட்டு நோட்டோ வீட்டுப் பெட்டியில் கிடந்தால், பழைய தாள்தானே என்று கடைக்குப் போடாதிருப்போமாக. துருவேறும் குண்டூசியை நீக்குவோம். ஈரம் படாது வைப்போம். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்து உடன் சேர்ப்போம். பின்னர்ப் பொது நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கேட்டு ஒப்படைப்போம். வீட்டில் இருப்பது ஒரு தலைமுறைக்கு; காப்பகத்தில் இருப்பது நாட்டுக்கு.