ஏரியின் மேல் எழுந்த நகர்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் தியாகராய நகரில் வாழ்வோர் வானத்தை நோக்குவதைவிடத் தெருமுனையை நோக்குவதே மிகுதி. நீர் எவ்வளவு ஏறிற்று என்பதே அந்நாளில் அண்டை வீட்டாரின் பேச்சு. இதன் காரணத்தை வானிலைக் கணக்கில் மட்டும் தேடினால் கிடைக்காது. நிலத்தின் வரலாற்றையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

நூறாண்டுகளுக்கு முன் இன்றைய கடைவீதிகளின் இடத்தில் பெரும்பகுதி ஏரியாகவே இருந்தது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த அந்நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என்றனர். நகரம் பெருகவே, நீதிக்கட்சி ஆட்சியில், 1923ஆம் ஆண்டு வாக்கில் ஏரியின் மாம்பலப் பகுதியை வடித்துக் குடியிருப்பு வகுக்கத் தொடங்கினர். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கும், அந்நாள் முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும் அமைந்தன. வீதிகள் நேர்த்தியாக வகுக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏரி போயிற்றேயன்றி, அதன் பள்ளம் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் உண்டு; பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை!

மழைக்கு நம்மிடம் நெடுங்காலக் கணக்கு உள்ளது. நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் 1792இல் எழுந்தது. 1846 அக்டோபர் 21 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 52 செ.மீ. மழை பெய்ததாகப் பதிவு. 1918 நவம்பரில் அத்திங்கள் முழுவதும் 1,088 மி.மீ. பெய்தது. 2015 நவம்பரில் பெய்தது அதனினும் சற்றுக் குறைவே, ஏறத்தாழ 1,049 மி.மீ. மாணவர்களிடம் இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், "முன்னதுதானே பெரிது ஐயா?" என்று கேட்பர். பெரிதுதான். ஆயினும் 1918இல் மாம்பலத்து மழையை ஏந்திக்கொள்ள ஏரி இருந்தது. 2015இல் வீடுகள் இருந்தன.

இப்பள்ளத்து நீருக்கு முதன்மையான போக்கிடம் மாம்பலம் கால்வாய். அது அடையாற்றில் சென்று கலக்கிறது. ஆறே நிறைந்து ஓடுங்கால் கால்வாய் நீர் உட்புக இயலாது, பின்னோக்கித் தேங்கும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் பட்ட துன்பத்தை அறியாதார் யார்? 2021 நவம்பர் 6ஆம் நாள் இரவு நுங்கம்பாக்கத்தில் ஏறத்தாழ 21 செ.மீ. மழை பெய்தபோதும் தியாகராய நகர் வீதிகள் நீரில் மூழ்கின. கால்வாயின் அடைப்பே அப்போது பெரிதும் பேசப்பட்டது. அவ்வாண்டு அரசு, திரு. திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்புக் குழுவொன்றை அமைத்தது.

புயல் வேறு வகை. 2016 டிசம்பர் 12 அன்று 'வர்தா' கரை கடந்தபோது மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அற்றன. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கு உரியது. எண் உயர உயர அபாயம் மிகுதி என்பது பொதுவிதி. வீட்டிலிருப்போர்க்கு வானொலிச் செய்தியே துணை. ஆகவே மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி, தீப்பெட்டி, மூன்று நாட்குக் குடிநீர், வழக்கமாக உண்ணும் மருந்து, நிலப்பத்திரமும் குடும்ப அட்டையும் இட்ட உறை ஆகியவற்றைப் புரட்டாசி முடியுமுன்னரே மேல்தட்டில் வைத்துவிடுதல் நன்று. பத்திரங்களைக் கீழ் அலமாரியில் வைக்கும் வழக்கம் இப்பேட்டையில் இன்னும் பல வீடுகளில் உள்ளது.