எய்டர்

எய்டர் என்பது டெர்மினலிலேயே இயங்கும் செயற்கை நுண்ணறிவு நிரலாக்கக் கருவி. பால் கோத்தியே 2023இல் வெளியிட்டது, பைத்தானில் எழுதப்பட்டது, அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். இதற்கென்று சொந்தமாக மொழி மாதிரி கிடையாது. ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக், கூகுள், டீப்சீக் நிறுவனங்களின் மாதிரிகளோடும், ஒல்லாமா வழியாக நம் கணினியிலேயே ஓடும் மாதிரிகளோடும் இது பேசும். நிரலாளர் கேட்பதை மாதிரியிடம் கொண்டுபோவது, வரும் திருத்தத்தைக் கோப்பில் எழுதுவது, எழுதியதைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் கமிட் செய்வது (பதிவது) ஆகிய மூன்றும் இதன் வேலைகள். மூன்றாவதுதான் இதை நம்பிப் பயன்படுத்தக்கூடிய கருவியாக ஆக்குகிறது.

நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. பைத்தானின் பிப் கருவியைக் கொண்டு 'எய்டர்-இன்ஸ்டால்' என்ற சிறு தொகுப்பை முதலில் இறக்கி, பிறகு அதை இயக்க வேண்டும். அது எய்டருக்கென்று தனிப் பைத்தான் சூழல் ஒன்றை அமைத்துவிடுவதால், கணினியில் ஏற்கெனவே உள்ள நூலகங்களோடு மோதல் வராது. அடுத்து, மாதிரியை வழங்கும் நிறுவனத்திடம் கணக்குத் தொடங்கி ஏபிஐ சாவி பெற வேண்டும். அந்தச் சாவியைச் சூழல் மாறியாக வைப்பதே நல்லது. நிரல் கோப்புக்குள் எழுதி வைத்தால், கோப்பு கிட்ஹப் போன்ற பொதுத் தளத்துக்குப் போகும் நாளில் சாவியும் கூடவே போய்விடும்.

திட்டத்தின் கோப்புறைக்குள் நின்று 'எய்டர்' என்று தட்டினால் உரையாடல் தொடங்கும். அங்கே கிட் களஞ்சியம் இல்லையென்றால், ஒன்றை உருவாக்கட்டுமா என்று அதுவே கேட்கும். கட்டளைகள் சாய்கோட்டில் தொடங்குபவை. '/ஆட்' கோப்பை உரையாடலில் சேர்க்கும், '/ட்ராப்' விலக்கும். '/ஆஸ்க்' முறையில் எதையும் திருத்தாமல் கேள்விக்கு மட்டும் பதில் வரும். புதிதாகத் தொடங்குவோர் எல்லாக் கோப்புகளையும் அள்ளிச் சேர்த்துவிடுவதுண்டு. அதனால் செலவு கூடுவதோடு மாதிரியின் கவனமும் சிதறும். திருத்த வேண்டிய இரண்டு மூன்று கோப்புகளைச் சேர்த்தாலே போதும். மற்றவற்றுக்காக எய்டர் 'ரெப்போ மேப்' என்ற சுருக்க வரைபடத்தை அனுப்புகிறது. ட்ரீ-சிட்டர் நூலகத்தால் நிரலைப் பகுத்து, எந்தச் செயற்கூறை எந்தக் கோப்பு அழைக்கிறது என்று பார்த்து, மற்ற இடங்களில் அதிகம் பயன்படும் பெயர்களை முன்னிறுத்தும் வரைபடம் அது. பெரிய திட்டத்தையும் சிறிய இடத்தில் மாதிரிக்குக் காட்டும் இந்த உத்தியை எய்டரின் மிக அழகான பகுதி என்றே சொல்லலாம்.

பல மாதிரிகளிடம், முழுக் கோப்பையும் திருப்பி எழுதச் சொல்லாமல் 'இந்த வரிகளைத் தேடு, இவற்றை வை' என்ற துண்டுகளாகவே எய்டர் திருத்தத்தைக் கேட்டு வாங்கும். தேட வேண்டிய வரிகளை மாதிரி தவறாக நினைவுகூர்ந்தால், பொருந்தவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்கும்.

ஒவ்வொரு திருத்தமும் தனிக் கமிட்டாகப் பதிவாகும். கமிட் செய்தியையும் மாதிரியே எழுதும். அதற்கு முன்பு நிரலாளர் கைப்படச் செய்து பதியாமல் விட்ட மாற்றங்கள் இருந்தால், அவை முதலில் வேறு கமிட்டாகும். மனிதர் எழுதியதும் மாதிரி எழுதியதும் ஒன்றாகக் கலப்பதில்லை. எய்டர் செய்த கமிட்டுகளில் 'எய்டர்' என்ற குறியும் சேரும். பிடிக்காத திருத்தத்தை '/அண்டூ' திரும்பப் பெற்றுவிடும். ஆனால் திரும்பப் பெற வேண்டுமா என்று தெரிய, '/டிஃப்' காட்டும் வித்தியாசத்தை வரிவரியாகப் படித்தாக வேண்டும். அதைப் படிக்காமல் பத்துத் திருத்தம் தாண்டியவருக்குத் தன் திட்டமே அந்நியமாகிவிடும். சோதனைக் கட்டளையை முன்கூட்டியே கொடுத்து, தானியங்கிச் சோதனையையும் இயக்கி வைத்தால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் எய்டர் அதை ஓட்டிப் பார்த்து, தோல்வியடைந்தால் பிழைச் செய்தியோடு மாதிரியிடம் மறுபடி போகும்.

தமிழிலும் கட்டளையிடலாம். மென்பொருள் இலவசம் என்றாலும் ஏபிஐ கட்டணம் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) கணக்கில்தான் வருகிறது. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் எடுக்கும். இந்த இடைவெளி குறைந்து வருகிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது, முன்பு 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ் வாசகம் புதிய முறையில் 35 டோக்கனில் அடங்குவதாக ஓபன்ஏஐ காட்டியது. உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை '/டோக்கன்ஸ்' சொல்லும். பழைய பேச்சை '/கிளியர்' நீக்கும்.

சேர்த்த கோப்புகள் முழுமையாக மாதிரி நிறுவனத்தின் வழங்கிக்குப் போகின்றன. அலுவலக நிரலை வெளியே அனுப்ப அனுமதி இல்லாதவர்களுக்கு ஒல்லாமா ஒரு வழி. ஒல்லாமா தன் சூழல் அளவை (மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையின் அளவை) மீறிய பகுதியை எச்சரிக்காமல் வெட்டிவிடும் இயல்புடையது என்பதால், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் போதிய அளவை எய்டரே கேட்டு அமைக்கிறது. அந்த அளவு கூடக்கூடக் கணினியின் நினைவகமும் அதற்கேற்ப வேண்டும்.