கையில் கொடுக்கும் சொல்: பட அட்டை பிறந்த கதை

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன அட்டை. முன்பக்கம் ஒரு பிஸ்கட்டின் படம், மேலே பளபளக்கும் லேமினேட் உறை, பின்பக்கம் வெல்க்ரோ துண்டு. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்கும் அறைகளில் இப்படிப்பட்ட அட்டைகள் ஒட்டிய கோப்பை அடிக்கடி பார்க்கலாம். இதைச் செய்ய ஒரு கத்தரிக்கோலும் அரைமணி நேரமும் போதும். ஆனால் ஆட்டிசம் அடையாளம் காணப்பட்ட பிறகு, இப்படி ஒன்று வேண்டும் என்று உலகத்துக்குத் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஆட்டிசத்தைத் தனி நிலையாக மருத்துவ உலகம் அடையாளம் காணத் தொடங்கியது அந்தக் கட்டுரையிலிருந்துதான். அவர்களில் 3 பேர் பேசவே இல்லை. பேசிய 8 பேரும்கூட, தம் மனத்தில் உள்ளதை இன்னொருவருக்குச் சொல்லப் பேச்சைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்று கானர் எழுதினார். வாயில் சொல் வந்துவிட்டால் மட்டும் போதாது, அந்தச் சொல் இன்னொருவரைப் போய்ச் சேர வேண்டும். இந்த உண்மை முதல் கட்டுரையிலேயே இருந்தது. பிறகு வந்த பல ஆண்டுகள் அதைக் கவனிக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் வாயிலிருந்து ஒலியை வரவழைப்பதுதான் பயிற்சியின் குறியாக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1966இல் பேசாத இரண்டு சிறுவர்களுக்கு ஒலிகளைக் கேட்டுப் பின்பற்றச் சொல்லிக் கொடுத்த முறையை வெளியிட்டார். பெரியவர் சொல்ல வேண்டும், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் ஒரு வாய் உணவு. இன்று நடத்தைப் பயிற்சி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அவர் வழி வந்தது. அந்தத் தொடக்க காலத்தில் அதட்டலும் அடியும் இருந்தன. அந்த வடு பல ஆட்டிசப் பெரியவர்களின் பேச்சில் இன்றும் தெரிகிறது. பிள்ளைகள் சிலர் பேசினார்கள். ஆனால் யாராவது கேட்டால்தான் வாய் திறப்பார்கள், கேட்காவிட்டால் காத்திருப்பார்கள்.

இந்தக் காத்திருப்பை உடைக்கத்தான் அட்டை பிறந்தது. ஆண்டு 1985. இடம், அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் ஆட்டிசப் பிள்ளைகளுக்காக நடத்திய கல்வித் திட்டம். உளவியலாளர் ஆண்டி போண்டியும் பேச்சுப் பயிற்சியாளர் லோரி ஃப்ராஸ்டும் அங்கே பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். ஒலியைப் பின்பற்ற வைக்க மாதக்கணக்கில் பிடித்தது. அதுவரை அந்தப் பிள்ளை தாகத்தையும் பசியையும் எப்படிச் சொல்லும்? படத்தைச் சுட்டிக்காட்டும் பலகைகளிலும் ஒரு சிக்கல் இருந்தது. யாரும் பார்க்காதபோதும் பிள்ளை படத்தைத் தட்டிக்கொண்டிருக்கலாம், எதிரே ஆளே தேவையில்லை. இருவரும் ஒரு மாற்றம் செய்தார்கள்: படத்தைச் சுட்ட வேண்டாம், எடுத்து ஒருவர் கையில் கொடு. கொடுப்பதற்கு வாங்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளை அந்த ஆளைத் தேடிப் போக வேண்டும்.

முதல் பாடம் இப்படி நடக்கும். பிள்ளைக்கு முறுக்கு உயிர் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒருவர் முறுக்கோடு உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்குப் பின்னால் இன்னொருவர் சத்தமில்லாமல் இருப்பார். நடுவில் முறுக்குப் படம் உள்ள ஒரே ஓர் அட்டை. பிள்ளை முறுக்கை எட்டிப் பிடிக்கக் கை நீட்டும் நொடியில் பின்னால் இருப்பவர் அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, எடுக்கவும் எதிரே இருப்பவரின் கையில் வைக்கவும் உதவுவார். அட்டை கைக்கு வந்ததும் எதிரே இருப்பவர் “முறுக்கு!” என்று சொல்லி உடனே கொடுத்துவிடுவார். “என்ன வேணும்?” என்று யாரும் கேட்கக் கூடாது. “குடு, குடு” என்று சொல்லவும் கூடாது. கேள்வி முதலில் வந்தால் பிள்ளை மறுபடியும் கேள்விக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். பின்னால் இருப்பவர் நாளடைவில் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் விலகிவிடுவார்.

மொத்தம் ஆறு படிகள். இரண்டாவதில் அட்டையும் ஆளும் தள்ளிப் போவார்கள், பிள்ளை எழுந்து நடந்து போய்க் கொடுக்க வேண்டும். மூன்றாவதில் பல படங்களிலிருந்து வேண்டியதை எடுக்கும். நான்காவதில் ஒரு பட்டையில் படங்களை வரிசையாக ஒட்டி, “எனக்கு முறுக்கு வேணும்” என்று முழு வாக்கியமாகக் கொடுக்கும். “என்ன வேணும்?” என்ற கேள்வி ஐந்தாவது படியில்தான் வருகிறது. ஆறாவதில், தான் பார்த்ததைப் பற்றிச் சொல்லும்.

அதே 1985இல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், நான்கு பிள்ளைகளிடம் கண்டதை எழுதினார்கள். அடம், அடி, கூச்சல் எல்லாம் ஏதோ ஒன்றைக் கேட்கும் வழிகள். அதையே கேட்க வேறு வழி சொல்லிக்கொடுத்தால் அவை குறையும். குளிர்பெட்டிக் கதவில் தலையை முட்டும் பிள்ளையைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க” என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு மைலோ வேண்டும், அவ்வளவுதான். கையில் ஒரு மைலோ அட்டை இருந்தால் முட்ட வேண்டிய தேவை குறைகிறது. பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் இந்த அட்டையில் ஒன்றாகிவிடுகின்றன.

அட்டை பழகினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படித் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சும் கூடவே வந்திருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் வரும் என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. ஆய்வாளர் பாட்ரிஷியா ஹௌலினும் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் 84 பிள்ளைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் தாமாகக் கேட்பது கூடியது, பேச்சு கூடியதாகத் தெரியவில்லை. ஆசிரியர்களுக்கான வழிகாட்டல் நின்றதும் அந்த முன்னேற்றமும் நிலைக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்தியைப் பெற்றோரும் பள்ளிகளும் அழுத்தமாக மனத்தில் வைக்க வேண்டும்.

மலேசியாவில் இத்தகைய பயிற்சிக்கான களம் மெல்ல உருவானது. பெற்றோரும் துறை சார்ந்தவர்களும் சேர்ந்து தொடங்கிய தேசிய ஆட்டிசச் சங்கமான நாசோம், 1987இல் பதிவு பெற்றது. பேச்சுப் பயிற்சியாளர்களை உள்நாட்டிலேயே உருவாக்கும் பட்டப்படிப்பை மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் கோலாலம்பூரில் தொடங்கியது. இப்போது அரசு கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் தாதியர் பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்பவை அதில் உள்ள கேள்விகள். அதை அவசரமாக நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் தொடங்கலாம்.

அடுத்த சிக்கல் மொழி. வீட்டில் தமிழ், பயிற்சி வகுப்பில் ஆங்கிலம், வெளியே மலாய். தமிழில் பயிற்சி தரக்கூடியவர் கிடைப்பது அரிது. “ஒரே மொழியில் பேசுங்கள்” என்ற அறிவுரையைக் கேட்டு, வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு தட்டுத்தடுமாறும் அம்மாக்கள் உண்டு. பாட்டி வாயடைத்து உட்கார்ந்திருப்பார். மான்ட்ரியலில் ஹாம்ப்ளி, ஃபொம்போன் என்ற ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பின்தங்கவில்லை என்றது. படத்துக்கோ மொழியே இல்லை. அட்டை கைக்கு வரும்போது பாட்டி “தோசையா ராஜா, இந்தா” என்று சொன்னால் அதுவும் முழுமையான பாடம்தான்.

படத்தைக் கொண்டு பேசும் எண்ணம் சென்னையில் கருவியின் திரைக்கு ஏறியது. அஜித் நாராயணன் என்ற பொறியாளர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான வித்யா சாகர் அமைப்பின் பிள்ளைகளோடு பழகி, படத்தைத் தொட்டால் குரல் வரும் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார். பின்னாளில் அது டேப்லெட் செயலியாகித் தமிழிலும் பேசுகிறது. காகித அட்டையில் தொடங்கிய பிள்ளை வளர்ந்து இதற்கு மாறலாம்.

பயிற்சியாளருக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் பெற்றோர் அந்த மாதங்களை வீணாக்க வேண்டியதில்லை. பிள்ளை மிகவும் விரும்பும் ஒரே ஒரு பொருளைப் படமெடுத்து அட்டையாக்குங்கள். வீட்டில் இருவர் உட்காருங்கள், கேள்வி கேட்காதீர்கள், கொடுத்ததும் தமிழில் பெயர் சொல்லிக் கொடுங்கள். பயிற்சியாளர் கிடைத்ததும் அவர் திருத்துவார். அதே அட்டை தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமும், மாமா வீட்டிலும், பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் செல்ல வேண்டும். பயிற்சி வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அந்த அட்டையை வாங்கிக்கொள்ளும் கை நம்முடையது.