புகை எங்கிருந்து வருது? சாட்டிலைட்டில் நீங்களே பார்க்கலாம்!

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஜன்னலைத் திறந்ததும் புகை வாடையா? தெருக்குப்பையா, பெருங்குடி குப்பைக் கிடங்கா என்று குழம்ப வேண்டாம். 2022 ஏப்ரல் 27-ல் அந்தக் கிடங்கில் பற்றிய தீயை அணைக்க நாள்கணக்கானது. அவ்வளவு பெரிய தீயை செல்போனிலேயே தேடலாம்.

எப்படி?

* நாசாவின் 'ஃபர்ம்ஸ்' இணையதளத்தைத் திறங்க, இலவசம்தான். செயற்கைக்கோள் உணர்ந்த வெப்பம், சுமார் 3 மணி நேரத்துக்குள் மேப்பில் சிவப்புப் புள்ளியாக வந்துவிடும். பஞ்சாப் வயல்களில் வைக்கோல் எரிப்பதைக் கணக்கெடுப்பதும் செயற்கைக்கோள் வழியாகத்தான்.
* அடுத்து காற்றின் திசை. பெருங்குடி நமக்குத் தெற்கே. தெற்கிலிருந்து காற்றடித்தால் புகை நம்ம பக்கம் வரும்.

புள்ளி இல்லையே, அப்போ புகையும் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 375 மீட்டர் துல்லியத்தில் பார்க்கும் 'விர்ஸ்' கருவி நம்மைக் கடப்பது பகல், இரவு ஒன்றரை மணி வாக்கில். விடியற்காலையில் எரிந்து அணையும் போகி நெருப்பு அதன் கண்ணில் படாது. ஆனால், 2018 போகியன்று சென்னையில் விமானங்களையே திருப்பிவிட்டது அந்தப் புகைதான்! மேகம் மறைத்தாலும் தீ தெரியாது.

அதனால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் பக்கத்து நிலையத்தின் காற்றுத் தரத்தையும் பாருங்க. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், வாடை வந்ததுமே ஜன்னலைச் சாத்திடுங்க. மேப் அப்புறம்!