பொன்னாங்காணியின் கண்

பொன்னாங்காணி, ஈரம் கண்ட இடத்தில் தானாக முளைத்துப் படரும் கீரை. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண் படிந்த யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில் மாரி மழை பெய்ததும் கிணற்று வாய்க்கால் ஓரங்களிலும் துரவடியிலும் வயல் வரம்பிலும் தழைக்கும். தமிழகத்தார் பெரும்பாலும் பொன்னாங்கண்ணி என்பர், ஈழத்தில் பொன்னாங்காணி.

இப்பெயரைப் 'பொன் ஆம் காண் நீ' எனப் பிரித்து, உண்டவர் மேனி பொன்னாகும் என்று பொருள் சொல்வது பரவலாகிவிட்டது. இது பிழை. கரிசலாங்கண்ணியை அவ்வாறே பிரித்தால் உண்டவர் மேனி கறுக்கும் என்றாகும். எந்த வைத்தியரும் அப்படிச் சொல்லார். தொட்டாற்சுருங்கி, நாயுருவி என மக்கள் இட்ட பெயர்கள் செடியின் இயல்பைச் சுட்டுவன. எதிரில் நிற்பவரை விளித்துப் பேசுவன அல்ல.

தெலுங்கில் இக்கீரை 'பொன்னகண்டி கூர'. அங்கே வழங்கும் கதை வேறு: 'போயின கண்டி கூர', அதாவது போன பார்வையை மீட்கும் கீரை. கன்னடத்தார் 'ஹொன்னகொன்னெ' என்கின்றனர். தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாதல் அறிந்ததே. ஹொன் என்பது பொன். ஆகவே முதற்சொல் பொன், 'போயின' நில்லாது.

பூவோ வெள்ளை. அதற்குப் பொன் எப்படிப் பொருந்தும்? பொன் மஞ்சளை மட்டும் குறித்த சொல்லன்று. வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். பொலிவு, பொற்பு என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஒளிர்தலே அதன் அடிப்பொருள். பொன்னாங்காணித் தண்டொன்றைக் கையிலெடுத்தால் இது விளங்கும். கணுதோறும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். இலை தண்டோடு சேரும் இடுக்கில், காம்பே இல்லாமல், காகிதம்போல் உலர்ந்து பளபளக்கும் வெண்ணிறப் பூக்கொத்து ஒட்டியிருக்கும். அந்தக் கணு மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும்.

கணுவுக்குப் பழம்பெயர் கண். கரும்பின் கண்ணும் மூங்கிலின் கண்ணும் யாவரும் அறிந்தவை. மலைபடுகடாமும் தூம்பின் கணுவைக் கண் என்றே சொல்கிறது. கண்ணுடையது கண்ணி. கரிசலாங்கண்ணியும் ஈரத்தில் கிடந்து கணுவில் வேர்விடுவதே. சாறு கறுப்பதால் கரிசல் சேர்ந்தது. 1753இல் தாவரவியலார் லின்னேயசு பொன்னாங்காணிக்கு இட்ட 'செசிலிஸ்' என்ற அடைக்குக் காம்பின்றி அமர்ந்தது என்று பொருள். அவர் பார்த்ததும் அதே கணுவிடுக்கைத்தான். வடமொழியின் 'மத்ஸ்யாக்ஷி', மீன்கண்ணி, விழியையே சொல்கிறது என்று மறுப்பர். கணுவைக் குறித்த கண்ணை விழியாகக் கொண்டதால் அப்பெயர் வந்திருக்கலாம்.

அகராதிகள் தரும் மற்றொரு பெயர் கொடுப்பை. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்ற தாவர நூல் இச்செடியைக் 'கொலுப்பா' என்கிறது, மலையாளத்தில் கொழுப்ப. ழகரமும் டகரமும் நாழிகை, நாடிகை என்பவற்றில் மாறிநிற்பதுபோல் இங்கும் மாறியிருக்கலாம். கொழுமையாகத் தழைப்பது கொழுப்பை, அதுவே கொடுப்பை ஆகியிருக்கலாம்.

தெலுங்கர் சொல்லும் பார்வைக் கதையிலிருந்து பெயர் பிறக்கவில்லை. ஆனால் கதையில் உண்மை உண்டு. இலையிலுள்ள கரோட்டீன் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது; அது குறைந்தால் மாலைக்கண் வரும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் கீரையில் புரதம் ஏறத்தாழ 5 கிராம், கல்சியம் 500 மில்லிகிராமுக்குச் சற்று மேல். இந்தக் கல்சியம் அளவில் பசும்பாலின் நான்கு மடங்கு. எனினும் கீரையின் ஒக்சாலேட்டு அதில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாது. கரோட்டீன் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். தீவகத்துச் சமையலில் அதற்கு வழி முன்பே இருக்கிறது: கீரையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, தேங்காய்ப்பூ போட்டு வறையாக்குவர்.

ஈழத்து வழக்கில் கண்ணி காணியாக நீண்டதற்குக் 'காண் நீ' கதையே காரணமாகலாம். கணுதோறும் பூ ஒளிரும் கொடி என்பதே இப்பெயரின் பொருள்.